பெயர் எழுதாத ஃப்ளாப்பி

கிறிஸ்துதாஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்துகள் உதிர ஆரம்பித்தது தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூலையில், ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காயும்வரை காத்திருந்து, மெஷினைப் போட்டு, மறுநாள் ஆராதனையில் வாசிக்கவேண்டிய பிறந்தநாள் பட்டியலைத் திரையில் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது வரியில் இருந்த பெயரின் நடு எழுத்து தானாகக் கழன்று, சுவரில் பல்லி நழுவுவதுபோல மெதுவாக இறங்கி, திரையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் இன்னும் நாலு எழுத்து இறங்கிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் திரை முழுக்க வெறுமை. அடியில் மட்டும் எழுத்துகள் குப்பையாகக் கிடந்தன.

"ஞானம், இங்க வந்து இதைப் பாரேன்."

ஞானகுமாரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன், பையன் விட்டுட்டுப் போன சாமான்ல கைய வைக்காதீங்கன்னு. நான் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க?"

கிறிஸ்துதாஸ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் சீனியர் கிளார்க். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவதே அவர் பிழைப்பு. அந்தப் பழக்கம் ஆளை லேசில் விடுமா? காலனிச் சபைக்குச் செயலாளர் ஆனதும் முதல் காரியமாகச் சபையின் பழைய பதிவேட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நாலு மாதத்தில் அத்தனையையும் ஏற்றினார். நூற்றுப்பன்னிரண்டு குடும்பம், நூற்றுப்பன்னிரண்டு கோப்பு. கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தனியாக இருக்கிறவர்களும் ஒரு குடும்பம்தான் என்று ஆயர் சொல்லிவிட்டதால் அவர்களுக்கும் ஆளுக்கொரு கோப்பு போட்டார். ஏற்றி முடித்த கையோடு அந்தப் பழைய பதிவேட்டைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். இந்த விஷயம் மட்டும் ஆயருக்கு இன்னும் தெரியாது.

அந்தச் சபையில் பிறந்தநாள் பட்டியல் என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் அதை வாசிப்பார். அந்த வாரம் பிறந்தநாளோ கல்யாண நாளோ வருகிறவர்கள் எழுந்து முன்னால் போய், ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, தலையில் கை வைத்து ஜெபம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஒருவர் பெயர் விட்டுப்போனால் போச்சு. ஒரு முறை விட்டுப்போனதற்காக மூன்று வருஷமாக ஆயர் முகத்தையே பார்க்காத குடும்பம் ஒன்று அங்கே உண்டு. அதனால்தான் எழுத்து உதிர்ந்ததும், அந்த வாரப் பட்டியலை ஞாபகத்திலிருந்து கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துதாஸ் உதவிக்கு ஆள் தேடினார்.

திங்கட்கிழமை கேன்டீனில் பாஸ்கரனைப் பிடித்தார். பாஸ்கரன் மெஷின் ஷாப்காரன், மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவன், கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வாங்கி அட்டை கிழியும்வரை படிக்கிறவன்.

"வைரஸ் சார் அது. பயந்துக்காதீங்க," என்றான். "ஊட்டுக்கு நாய் வச்சிக்கிற மாதிரி உள்ள ஒரு ஆன்டி வைரஸ் போட்டுட்டா போதும்."

"விலை கொடுத்து வாங்கணுமோ?"

"காசு எதுக்கு சார்? ஃப்ரீயாவே கீது." மறுநாள் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதே, "போன வருசத்துது சார். அப்பால பொறந்த வைரஸ்லாம் இதுக்குத் தெரியாது," என்று ஒரு போடு போட்டான்.

தெரியாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிறிஸ்துதாஸ் சாயங்கால ரயிலில் அம்பத்தூர் போய், ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சுலைமானைப் பார்த்தார். சுலைமான் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன், அவருக்கு எப்போதும் மரியாதையாக நாற்காலி போடுவான். அவனும் ஒரு ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினான்.

"இது நல்ல சாமான் சார். ஆனா முப்பது நாளுதான் ஃப்ரீ. முப்பத்தோராவது நாளு கம்முனு பூடும்."

"அப்போ ரெண்டையும் போட்டுட்டா?"

சுலைமான் சிரித்தான். "போட்டுப் பாருங்க. இது அத்த வைரஸ்னும், அது இத்த வைரஸ்னும் சொல்லி அடிச்சிக்கும். ஊட்டுக்கு ஒண்ணுதான் சார். எத்தனு நீங்கதான் முடிவு பண்ணணும்."

மூன்றாவது ஃப்ளாப்பி வந்த விதம்தான் விசித்திரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் காணிக்கைப் பையைக் கவிழ்த்தபோது, நோட்டுக்கும் சில்லறைக்கும் நடுவில் நீல நிற ஃப்ளாப்பி ஒன்று விழுந்தது. மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் ஒன்றும் எழுதவில்லை. எழுத்து உதிர்ந்த கதையை அதற்கு முந்தைய புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கிறிஸ்துதாஸ்தான் எல்லோரிடமும் புலம்பியிருந்தார். "செயலாளருக்கு யாரோ காணிக்கை போட்டிருக்காங்க," என்று எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்த பையன் எவனோ கூச்சப்பட்டுக்கொண்டு போட்டிருக்கிறான் என்று அவரும் நினைத்தார். சுலைமானிடம் கொண்டுபோய்க் காட்டியதற்கு அவன் தொடவே இல்லை.

"பேர் எழுதாத ஃப்ளாப்பிய நான் என் மெஷின்ல போட மாட்டேன் சார். நீங்களும் போடாதீங்க."

ஆக மூன்று இலவசம். ஒன்றுக்கு வயசாகிவிட்டது, ஒன்றுக்கு ஆயுசு முப்பது நாள், ஒன்றுக்கு ஊரும் பேரும் தெரியாது. புத்தியுள்ளவன் சுலைமானுடையதைப் போட்டுவிட்டு, முப்பது நாள் கழித்து வேறு வழி பார்ப்பான். ஆனால் கிறிஸ்துதாஸ் தன் புத்தியை நம்பாதவர். மகனுக்குப் பெண் பார்த்ததிலிருந்து, மாடிப் போர்ஷனா கீழ்ப் போர்ஷனா என்பதுவரை ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டே தீர்மானித்தவர். வருஷப் பிறப்பன்று சபையில் துணிப்பையிலிருந்து வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பார்கள். கையில் வந்தது ஆண்டவர் கொடுத்தது. பிடிக்கவில்லை என்று உள்ளே போட்டுவிட்டு வேறு எடுக்க முடியாது. அதே நியாயம்தான் அவருக்கு எல்லாவற்றுக்கும்.

"அடுத்தது கத்தரிக்கா வாங்கவும் சீட்டுப் போடுவீங்க," என்றாள் ஞானகுமாரி.

அவர் மூன்று துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தார். நீலம் என்று வந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் நீல ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினார். விளம்பரம் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, பதிவு செய்துகொள் என்ற தொந்தரவு இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. உதிர்ந்து கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அது இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டது: கோப்பு 41-இல் நோய் இருக்கிறது, சுத்தம் செய்யலாமா?

'கேட்டுக்கொண்டு செய்கிறதே, என்ன மரியாதை!' என்று நினைத்தார். ஆம் என்று பதில் கொடுத்தார். பட்டியலை அச்சடித்து ஆயர் வீட்டில் சேர்த்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் பட்டியலை வாசித்தார். ஐந்து பேர் எழுந்து முன்னால் போனார்கள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரகாசம் அய்யா மட்டும் பாதி எழுந்து, சுற்றிலும் பார்த்து, மறுபடி உட்கார்ந்ததைக் கிறிஸ்துதாஸ் கவனித்தார். பிரகாசம் அய்யா பட்டாபிராமில் தனியாகக் குடியிருந்தவர். அந்தச் சபையில் நெடுங்காலம் மணி அடித்த மனிதர். அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

வாசலில் கிறிஸ்துதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பேரு விட்டுப்போச்சே தாஸ், நாளைக்கு எனக்கு எம்பது," என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் அதிகமாகச் சுட்டது.

"அடுத்த ஞாயிறு முதல் பேரா வாசிக்கச் சொல்லுதேன் அய்யா."

அடுத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனபோது, அய்யா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். எண்பது வயது, யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கிறிஸ்துதாஸ் மட்டும் அடக்கத்தில் நிற்கும்போது அந்தப் புதுச் சட்டையைப் பார்த்துவிட்டுக் குலுங்கி அழுதார். தான் எங்கோ தவறாகத் தட்டியதால் ஒரு கிழவனின் கடைசி சந்தோஷம் போய்விட்டதே என்பதுதான் அப்போது அவர் வருத்தம்.

அடுத்த சனிக்கிழமை மெஷினைப் போட்டதும் கோடு தானாகவே ஊர்ந்தது. கோப்பு 66-இல் நோய், சுத்தம் செய்யலாமா? ஆம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுவில் பாடும் மனோகரன் அட்டையை மெஷினில் செருகி நேரம் பதித்தான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவன், பேச்சிலர் குவார்ட்டர்ஸில் இருந்தான். ஜன்னல் வழியாகக் கிறிஸ்துதாஸைப் பார்த்துச் சிரித்து, "அண்ணே, ஞாயித்துக்கிழமை பாட்டு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம், மனோகரனின் கோப்பில் இறந்த தேதியைப் போடலாம் என்று கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தார். அவன் எண்ணான 66-ஐத் தட்டினார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது மெஷின். திரும்பத் தட்டினார், இல்லை. பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். 65-க்கு அப்புறம் 67. சந்தேகத்தில் மறுபடி மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வந்தபோது, அதே விரல் 40-க்கு அப்புறம் 42-க்குத் தாவி அங்கேயே நின்றது. பிரகாசம் அய்யாவின் எண் 41. இரண்டு பேரையும் தன் விரலால் ஆம் என்று சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார்.

யாரிடம் போய் இதைச் சொல்வது? இலவசமாகக் கிடைத்த ஆன்டி வைரஸ் ஆளைக் கொல்கிறது என்று ஆயரிடம் சொன்னால், பேயோட்டும் கூட்டம் வைப்பார், இல்லையென்றால் செயலாளரை மாற்றுவார். பழைய பதிவேடு எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும். அதெல்லாம்கூடப் போகட்டும். அந்த ஃப்ளாப்பியை ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டு எடுத்தவர் அவர். வந்த சீட்டைத் தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை. எதிர்க்கவும் பயம், கீழ்ப்படியவும் பயம்.

சனிக்கிழமை கோப்பு 88 என்றது. ஹில்டா டீச்சர். கல்யாணமே வேண்டாமென்று காலனிப் பள்ளிக்கூடத்துக்கு உழைத்த பெண்பிள்ளை. இரண்டு மாதத்தில் ஓய்வுபெறப் போகிறவள். கிறிஸ்துதாஸ் இல்லை என்று அழுத்தினார். கோடு நின்றது. மறுபடி அதே கேள்வி. இல்லை. மூன்றாம் முறையும் கேட்டது. இல்லை என்று விசை உடைகிற மாதிரி குத்தினார். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அணைந்தது.

மறுநாள் ஆராதனை முழுக்க அவர் பார்வை ஹில்டா டீச்சர்மேல்தான். அவள் இருமினால் இவருக்கு மூச்சு நின்றது. "என்ன, டீச்சரையே பாக்குதீங்க? இந்த வயசுலயா?" என்று ஞானகுமாரி விலாவில் இடித்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. டீச்சர் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். இல்லை என்று சொன்னால் போதும் என்று கிறிஸ்துதாஸுக்குத் தெம்பு வந்தது.

அந்தத் தெம்போடு புதன்கிழமை சுலைமானிடம் போய், கெஞ்சிக் கேட்டு, நீல ஃப்ளாப்பியைக் கடையின் மூலையில் கிடந்த பழைய மெஷினில் போட்டுப் பார்க்கச் சொன்னார். சுலைமான் போட்டான், எடுத்தான், திரும்பப் போட்டான்.

"இன்னா சார் விளையாடுறீங்களா? இதுல ஒண்ணுமே இல்ல. இதுவரைக்கும் ஒரு எழுத்துகூட எழுதாத புது ஃப்ளாப்பி இது."

"நான் போட்டேனே தம்பி. ஓடிச்சே. இப்பவும் ஓடுதே."

சுலைமான் அவர் முகத்தைப் பார்த்தான். கேலி போய்விட்டது. "சரி சார், உங்க மெஷின்ல இன்னா கீதோ தெரியல. நான் நேரா ஊட்டுக்கு வந்து ஃபார்மட் பண்ணிடறேன். பத்து நிமிசம். எல்லாம் க்ளீன்."

"எல்லாம்னா? மிச்சமிருக்கிற நூத்திப்பத்து கோப்பும்?"

"அதுல கீற அத்தனையும் பூடும் சார். அப்பால புதுசா ஏத்திக்கலாம்."

கிறிஸ்துதாஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கோப்புக்கு ஒரு உயிர் என்றால் அத்தனை கோப்புக்கும்? சபையின் பெஞ்சுகள் வரிசையாகக் காலியாகக் கிடப்பது அவர் கண்ணுக்குள் வந்துபோனது. "வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். என் வீட்டுப் பக்கமே வந்துடாத," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஞானகுமாரி அதைத் தொடமாட்டாள், தூசு தட்டக்கூட மாட்டாள். திரையில் கேள்வி தயாராக இருந்தது. கோப்பு 19-இல் நோய் இருக்கிறது, சுத்தம் செய்யலாமா?

பத்தொன்பது அவருடைய சொந்தக் கோப்பு. அதில் இரண்டு பெயர்கள். கிறிஸ்துதாஸ், ஞானகுமாரி. மகன் பெங்களூரில் வேறு சபையில் சேர்ந்துவிட்டதால் அவன் பெயரைப் போன வருஷம்தான் எடுத்திருந்தார். ஹில்டாவுக்கு இல்லை என்று சொன்னவன் வீட்டையே தேடி வந்துவிட்டது. அவர் இல்லை என்று அழுத்தி, பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வந்த ஞானகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "லேசா தலை சுத்துது," என்றாள். மத்தியானம் காய்ச்சல். கம்ப்யூட்டரைப் போடாமலே இருந்து பார்த்தார், காய்ச்சல் ஏறியது. போட்டு, இல்லை என்று பதில் சொல்லிப் பார்த்தார், இன்னும் ஏறியது. டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்தார். ஞாயிறு வந்தது, அவர்கள் இரண்டு பேரும் ஆராதனைக்குப் போகவில்லை. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்காதவள், சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். கையைத் தொட்டால் கொதித்தது. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அவள் இல்லாமல் அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. சட்டையில் எந்தப் பொத்தானை முதலில் போடுவது என்பதற்குக்கூட அவள் வேண்டும். அவள் கேலி செய்யாத வீட்டில் அவருக்கு என்ன வேலை? வியாழக்கிழமை சாயங்காலம் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை பண்ணினார். 'ஆண்டவரே, இவளை விட்டுவிடும். இவள் எழுந்து நடந்தால் என்னை நானே கொடுத்துவிடுகிறேன். அது கேட்கும்போது ஆம் என்று சொல்கிறேன்.' நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் இருப்பது அவர் ஊரில் பெரிய பாவம்.

எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரே கோப்பில் இரண்டு பெயர் இருந்தால், ஆம் என்று சொல்லும்போது இரண்டு பேருமல்லவா போய்விடுவார்கள்? அதனால் 19-இலிருந்து ஞானகுமாரியின் பெயரை எடுத்தார். இருப்பதிலேயே கடைசி எண்ணுக்கு அடுத்ததாக, 113 என்று புதிதாக ஒரு கோப்பு திறந்தார். ஞானகுமாரி என்று தட்டி, பிறந்தநாளையும் போட்டார். கல்யாண நாள் என்ற இடத்தில் விரல் தயங்கியது. அதை எழுதினால் தன் பெயரையும் எழுதவேண்டும். காலியாக விட்டுவிட்டு, குடும்ப நிலை என்ற இடத்தில் 'தனி' என்று அடித்தார். அழுகை வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு கிளார்க்கின் திருப்தி இருந்தது. ஆபத்தான இடத்திலிருந்து அவளைப் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஞானகுமாரிக்குக் காய்ச்சல் இல்லை. தொட்டால் குளிர்ந்திருந்தாள். சனிக்கிழமை எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, "நாக்கு செத்துக் கிடக்கு, மீன் வாங்கிட்டு வாங்க," என்றாள். அவர் ஓடிப்போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். அவள் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மசாலா அரைத்ததைக் கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். என்ன சாமான் எங்கே இருக்கிறது, எந்தப் பெட்டியில் என்ன காகிதம் என்று ஏதேதோ சொல்லிவைத்தார். "என்னத்துக்கு இப்ப இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

மத்தியானம் குளித்தார். ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மெஷினைப் போடுவதற்கு முன்னால் நாற்காலியை நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. கோடு ஊர்ந்தது. என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பத்து நாளாக அதே கேள்வி, அதே எண். அதைப் படிக்க இன்னொரு முறை அவருக்குத் தைரியம் இல்லை. சிறு வயதிலிருந்து பழகியபடி, ஜெபம் என்றதும் கண் தானாக மூடிக்கொண்டது. விரல் மட்டும் ஆம் என்ற விசையின்மேல் இருந்தது. நன்றி சொன்னார், மகனுக்காகக் கேட்டார், பிரகாசம் அய்யாவிடமும் மனோகரனிடமும் மன்னிப்புக் கேட்டார், அவளைப் பார்த்துக்கொள்ளும் என்றார். ஆமென் சொன்ன அதே மூச்சில் விசையை அழுத்தினார்.

கண்ணைத் திறந்தார்.

கோப்பு 113 சுத்தம் செய்யப்பட்டது.

அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். 19 என்று தட்டினார், அவர் பெயர் அப்படியே இருந்தது. 113 என்று தட்டினார், அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது மெஷின். அப்புறம்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. பிரகாசம் தனி ஆள், மனோகரன் தனி ஆள், ஹில்டா தனி ஆள். இரண்டு பெயர் இருந்த கோப்பு ஒன்றைக்கூட அது இதுவரை தொட்டதில்லை. பத்தொன்பதையும் அது கேட்டதே தவிரத் தொடவில்லை. அவர் தானாகப் பிரித்துக் கொடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவளைத் தனி என்று எழுதியது அவர் விரல். சற்று முன் ஆம் என்றதும் அதே விரல்.

நாற்காலி பின்னால் விழ எழுந்து அடுப்படிக்கு ஓடினார். ஞானகுமாரி முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியால் குழம்பைத் தொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கூந்தலில் துண்டு சுற்றியிருந்தது. நல்ல ஆரோக்கியமாக, கன்னம் சிவக்க நின்றாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள பசியா?"

இன்று சனிக்கிழமை. பிரகாசம் அய்யாவுக்குத் திங்கள்வரை கிடைத்தது, மனோகரனுக்குச் செவ்வாய்வரை. கிட்டே போய் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, வயசான காலத்துல?" என்று அவள் சிரித்தாள். "விடுங்க, குழம்பு அடிபிடிச்சிரும்."

"அடுப்பை அணைச்சிடு ஞானம். நீ ஒண்ணும் செய்யவேண்டாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நீ ஒரு வேலையும் செய்யவேண்டாம், நான் பார்த்துக்கிடுதேன். என் பக்கத்துல சும்மா உக்காந்திரு."

"அது சரி," என்றாள் ஞானகுமாரி. "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் யார் செய்வா?"